புது ஸ்கேனர் ரேடியோவை அமைப்பதும் ப்ரோகிராம் செய்வதும்: வேலூர் மொட்டை மாடியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி என் வீட்டுக்கு வந்தான். ஹாம் (பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்) பரீட்சை எழுதி வி.யு.3 என்று தொடங்கும் கால்சைன், அதாவது ரேடியோவில் சொல்லும் அடையாளப் பெயர், வாங்கியவன். பல ஃப்ரீக்வென்சிகளை மாறி மாறித் தேடிக் கேட்கும் கைக்கடக்கமான ஸ்கேனர் ஒன்றும் ஆசையாக வாங்கியிருந்தான். "அண்ணா, மூணு நாளா இதே இரைச்சல்தான். செட்டே கோளாறா இருக்குமோ?" என்றான். வாங்கிப் பார்த்தேன். 500 சேனலும் நிரம்பியிருந்தன. எல்லாம் அமெரிக்காவில் யாரோ தொகுத்த பட்டியல். ஸ்கேனர் ஓடும், நிற்கும், கரகரக்கும், மறுபடி ஓடும். அத்தனையையும் அழித்துவிட்டு 145.500 மெகா ஹெர்ட்ஸை மட்டும் போட்டு அவனை மொட்டை மாடிக்கு அனுப்பினேன். கீழே என் செட்டிலிருந்து குறைந்த பவரில் கால்சைன் சொல்லிக் கூப்பிட்டேன். பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்டதாம். செட்டில் ஒரு குறையும் இல்லை.

இதே காட்சியைப் பல பேரிடம் பார்த்துவிட்டேன். பெட்டியைப் பிரித்த உடனே எல்லோரும் சேனல்களை நிரப்பத்தான் உட்காருகிறார்கள். ப்ரோகிராம் செய்வது கடைசி வேலை. உரிமம், பேட்டரி, ஸ்குவெல்ச் (இரைச்சலை அடக்கும் வசதி), தெரிந்த ஒரு சிக்னல், ஆன்டெனா, அதன் பிறகுதான் சேனல் பட்டியல். இந்த வரிசை மாறினால் எது தவறு என்று கண்டுபிடிக்கவே முடியாது. கீழே உள்ளதை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. வாங்குவதற்கு முன்பே உரிமம்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இல்லாமல் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. 2023-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவி வைத்திருக்க அனுமதி வேண்டும் என்றுதான் சொல்கிறது. "நான் பேசப் போவதில்லை, கேட்கத்தானே போகிறேன்" என்ற வாதம் இங்கே எடுபடாது. அடுத்தவருக்குப் போகும் செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறித்துக் கேட்டால் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம் என்று புதிய சட்டத்தில் இருக்கிறது.

நேர்வழி ஹாம் உரிமம். 12 வயது நிறைந்த யாரும் பரீட்சை எழுதலாம். தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலைகள். ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு மோர்ஸ் (புள்ளி-கோடு ஒலிக்குறியீடு) தேவையில்லை. அதில் தேறினால் வி.யு.3 வரிசை, ஜெனரலில் தேறினால் வி.யு.2 வரிசை.

உரிமம் வந்த பிறகும், வாங்க நினைக்கும் மாடலின் பெயரைக் குறிப்பிட்டு தொலைத்தொடர்புத் துறையில் ரேடியோ உரிமங்களைக் கவனிக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவுக்கு எழுத்தில் ஒரு கேள்வி அனுப்புங்கள். பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் சுங்கத்தில் இறக்குமதி அனுமதி கேட்பார்கள். அது கையில் இல்லாவிட்டால் பார்சல் அங்கேயே நின்றுவிடும்.

காவல்துறை, தீயணைப்பு, அரசுத் துறைகள், தனியார் கம்பெனிகளின் ஃப்ரீக்வென்சி எதுவும் இந்த வழிகாட்டியில் வராது. என்னிடம் கேட்டு வருகிறவர்களுக்கும் நான் சொல்வதில்லை. ஹாம் பேச்சும், சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வரும் ஹாம் சிக்னல்களும் பல மாதங்களுக்குப் போதும்.

2. எந்த மாடல்

ஸ்கேனர் கேட்க மட்டும்தான். அதில் பேச முடியாது. ஏற்கெனவே ஹாம் கைச்செட் வைத்திருந்தால் அதிலேயே ஸ்கேன் வசதி இருக்கும். இங்கே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும். தனி ஸ்கேனர் வாங்கினாலும் விலை உயர்ந்த டிஜிட்டல் மாடல் வேண்டாம். அவற்றில் தபால் எண்ணைப் போட்டால் ஊரின் சேனல்கள் தானாக வரும் என்று விளம்பரம் செய்வார்கள். அந்தத் தகவல் தொகுப்பு அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் மட்டும். 632 என்று தொடங்கும் நம் பின்கோடைப் போட்டால் ஒன்றும் வராது.

யூனிடென் பி.சி.125ஏ.டி. போன்ற அனலாக் மாடல் போதும். 500 சேனல், ஒவ்வொன்றிலும் 50 சேனலாக 10 பேங்க் (சேனல் தொகுதி), 16 எழுத்து வரை பெயர் வைக்கலாம், 144 முதல் 146, 434 முதல் 438 மெகா ஹெர்ட்ஸ் இரண்டும் கிடைக்கும். நமக்கு வேண்டியது இவ்வளவுதான்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். 7 மெகா ஹெர்ட்ஸில் தினமும் பேசும் ஹாம்களின் கூட்டம் இந்த வகை ஸ்கேனரில் கேட்காது. அந்த ஃப்ரீக்வென்சியே இதில் கிடையாது. கிடைத்தாலும் அங்கே பேசுவது எஸ்.எஸ்.பி. என்ற வேறொரு முறையில், இதில் இருப்பது ஏ.எம்.மும் எஃப்.எம்.மும். வாங்கிய பிறகு இதைக் கேட்டு முகம் வாடியவர்கள் உண்டு.

3. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ரீசார்ஜ் ஆகும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏ.ஏ. பேட்டரி இரண்டு ஜோடி. ஸ்கேனரோடு வந்த யு.எஸ்.பி. கேபிள். ஒரு இயர்போன். ஒரு நோட்டு, பென்சில். தொலைபேசியில் சர்வதேச விண்வெளி நிலையம் வரும் நேரத்தைக் காட்டும் ஒரு ஆப். ஸ்கேனரின் ஆன்டெனா பொருத்தும் இடம் பி.என்.சி. வகையா, எஸ்.எம்.ஏ. வகையா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்.எம்.ஏ. என்றால் நடுவில் ஊசி இருக்கிறதா துளை இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்தக் குறிப்பு இல்லாமல் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், பொருந்தாத கனெக்டரோடு திரும்புவது ஒரு நாள் வேலையை வீணாக்கும்.

இயர்போன் ஏன் என்றால், மெல்லிய சிக்னலை ஸ்கேனரின் சின்ன ஸ்பீக்கர் விழுங்கிவிடும். தெருவில் ஆட்டோ போகும் சத்தத்தில் முதல் சில நொடிகள் தவறிப்போகும்.

4. பேட்டரியை முதலில் சரிசெய்யுங்கள்

பேட்டரி மூடியைத் திறந்ததும் சில மாடல்களில் உள்ளே ஒரு குட்டி ஸ்விட்ச் தெரியும். நகத்தால்தான் தள்ள முடியும். சாதாரண ஆல்கலைன் செல்லா, ரீசார்ஜ் ஆகும் செல்லா என்று ஸ்கேனருக்குச் சொல்வது அதுதான். ரீசார்ஜ் பக்கம் வைத்துவிட்டு உள்ளே ஆல்கலைன் செல் போட்டு யு.எஸ்.பி.யைச் சொருகினால், சார்ஜ் ஆகக் கூடாத செல்லுக்கு மின்சாரம் ஏறும். செல் சூடாகிக் கசியும். கசிந்த உப்பு ஸ்பிரிங்கைப் பச்சையாக அரித்துவிட்ட ஒரு செட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்ய எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆனது.

செல்லைப் போட்டு முழுதாகச் சார்ஜ் ஏறவிடுங்கள். பாதி சார்ஜில் கம்ப்யூட்டரோடு இணைத்து எழுதும்போது செட் அணைந்தால், நினைவகத்தில் பாதிப் பட்டியல்தான் இருக்கும்.

5. ஸ்குவெல்ச்: காதால் பழக வேண்டியது

எதையும் ப்ரோகிராம் செய்வதற்கு முன் இதை அரை மணி நேரம் பழகுங்கள். சிக்னல் இல்லாதபோது வரும் "ஷ்ஷ்" இரைச்சலை அடக்கும் கதவுதான் ஸ்குவெல்ச். முழுதாகத் திறந்தால் இரைச்சல் கொட்டும். முழுதாக மூடினால் மெல்லிய சிக்னலும் வெளியே நின்றுவிடும்.

பூஜ்யத்துக்குக் கொண்டுபோய் இரைச்சலைக் கேளுங்கள். ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். இரைச்சல் சட்டென்று நிற்கும் படியில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு படி வேண்டுமானால் போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

புதிதாக வருகிறவர்கள் இரைச்சல் தொல்லை தாங்காமல் ஸ்குவெல்ச்சை உச்சியில் வைத்துவிடுவார்கள். அமைதியாக இருக்கும், திருப்தியாக இருக்கும், ஒன்றும் கேட்காது. விண்வெளி நிலையத்துக்குக் காத்திருக்கும்போது நான் ஸ்குவெல்ச்சை முழுதாகத் திறந்தே வைப்பேன். நிலையம் தொடுவானத்துக்கு மேல் ஏறும்போது முதலில் குரல் வருவதில்லை. இரைச்சல்தான் மெல்ல அடங்கும். அந்த அடங்கலைக் காது பிடித்துக்கொண்டால் அடுத்த நொடியில் என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிடும்.

6. ஒரே ஒரு ஃப்ரீக்வென்சி, கையால்

இப்போது ஒன்றே ஒன்றைப் போடுங்கள். கம்ப்யூட்டர் வேண்டாம், பொத்தான்களை அழுத்தியே போடுங்கள். 145.500, மோட் எஃப்.எம்., டோன் (குரலோடு சேர்த்து அனுப்பும் அடையாள ஒலி) எதுவும் இல்லை. பக்கத்து ஊரில் இருக்கும் ஹாம் ஒருவரிடம் முன்பே நேரம் பேசி வைத்து, அவரை அந்த ஃப்ரீக்வென்சியில் கூப்பிடச் சொல்லுங்கள்.

தெரிந்த ஒருவர், தெரிந்த நேரத்தில், தெரிந்த இடத்திலிருந்து பேசினால் கேட்காததற்குக் காரணம் உங்கள் பக்கம்தான் என்று உறுதியாகும். தெரியாத சிக்னலுக்குக் காத்திருந்தால் அது வரவில்லையா, வந்தும் கேட்கவில்லையா என்று சொல்லவே முடியாது.

இரண்டு தவறுகள் இங்கே அதிகம். 145.500 என்பதை 145.050 என்று போடுவது ஒன்று. புள்ளிக்குப் பின் மூன்று இலக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்துங்கள். இன்னொன்று மோட். ஆட்டோ என்று விட்டால் ஸ்கேனர் அமெரிக்கப் பட்டியலைப் பார்த்துத் தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அகலமான சிக்னலைக் குறுகிய என்.எஃப்.எம். மோடில் கேட்டால் குரல் உச்சத்தில் கிழியும்; குறுகியதை அகலமான மோடில் கேட்டால் சத்தம் குறைந்து முனகும். எஃப்.எம்.மா என்.எஃப்.எம்.மா என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

7. வீட்டுக்குள் இருக்கும் இரைச்சலைத் தேடுங்கள்

எல்.இ.டி. பல்பு, மொபைல் சார்ஜர், செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர், சோலார் பேனலுக்கு மாட்டிய இன்வெர்ட்டர், இவை எல்லாமே சின்னச் சின்ன ரேடியோ இரைச்சல் உண்டாக்கும். ஸ்கேனர் அதை சிக்னல் என்று நினைத்து நின்றுவிடும்.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி கரண்ட் போகும் நேரம். இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, ஸ்கேனரை பேட்டரியில் போட்டு, ஸ்குவெல்ச்சைத் திறந்து கேளுங்கள். வீடு அமைதியாக இருக்கும்போது இரைச்சலும் குறைந்தால் குற்றவாளி உங்கள் வீட்டில்தான். கரண்ட் வந்ததும் ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டுப் பார்த்தால் பிடிபடும். மட்டமான சார்ஜர் ஒன்றை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்த வீடுகள் உண்டு. ஸ்கேனரையே சார்ஜரில் சொருகிக்கொண்டு கேட்காதீர்கள்.

8. ஆன்டெனா: வேலூரில் இதுதான் பாதி வேலை

கோட்டைக்குக் கிழக்கே மலை. பாகாயம், தொரப்பாடி பக்கம் போனாலும் மலை கண்ணில் படாத திசை குறைவு. 145 மெகா ஹெர்ட்ஸ் அலை நேர்கோட்டில் போகும். மலையைச் சுற்றி வராது. சத்துவாச்சாரியில் மலையடிவாரத் தெரு ஒன்றில் கேட்காத சிக்னல், காட்பாடியில் கேட்கும். ஆகவே முதலில் மொட்டை மாடியில் நின்று எந்தப் பக்கம் வானம் தாழ்வாகத் தெரிகிறது, எந்தப் பக்கம் மலை மறைக்கிறது என்று நோட்டில் ஒரு வட்டம் போட்டுக் குறியுங்கள். விண்வெளி நிலையம் எந்த நேரத்தில் உங்களுக்குத் தெரியத் தொடங்கும் என்பதை அந்த வட்டம்தான் சொல்லும்.

செட்டோடு வரும் ரப்பர் ஆன்டெனா எல்லா ஃப்ரீக்வென்சிக்கும் பொதுவாகச் செய்தது, அதனால் எதற்கும் முழுதாகப் பொருந்தாது. கால் அலை ஆன்டெனா ஒன்றை வீட்டிலேயே செய்துவிடலாம். கணக்கு சுலபம். 300-ஐ மெகா ஹெர்ட்ஸால் வகுத்தால் அலை நீளம் மீட்டரில் வரும். விண்வெளி நிலையத்தின் 145.8-க்கு ஏறத்தாழ 2.06 மீட்டர். அதில் கால் பங்கு 51 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். கம்பியில் அலை கொஞ்சம் மெதுவாக ஓடுவதால் 5 சதவீதம் குறைத்து 49 சென்டிமீட்டர்.

நடுவில் நிமிர்ந்து நிற்கும் கம்பி 49 சென்டிமீட்டர். அதன் அடியிலிருந்து நான்கு பக்கமும் 45 டிகிரி சாய்வாகக் கீழே இறங்கும் நான்கு கம்பிகள், ஒவ்வொன்றும் 52 சென்டிமீட்டர். நான்கு ஓட்டையுள்ள சதுர எஸ்.ஓ.239 சாக்கெட்டின் நடு ஊசியில் நிமிர்ந்த கம்பியை ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். நான்கு ஓட்டையிலும் சாய்ந்த கம்பிகளை நட் போட்டு முறுக்குங்கள். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் தடித்த செம்புக் கம்பி போதும். உச்சி நுனியைச் சின்ன வளையமாக மடித்துவிடுங்கள், குழந்தைகள் கண்ணில் குத்தாது.

கேள்வி வரும்: நிலையத்தின் இன்னொரு ஃப்ரீக்வென்சியான 437 மெகா ஹெர்ட்ஸுக்கு வேறு ஆன்டெனா வேண்டுமா? வேண்டாம். 145.8-ஐ மூன்றால் பெருக்கிப் பாருங்கள், 437.4. அதே கம்பி அங்கே முக்கால் அலையாக வேலை செய்யும். தனி ஆன்டெனா அளவுக்கு இருக்காது, ஆனால் தொடங்குகிறவருக்குப் போதும்.

கேபிள் விஷயத்தில் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். மெல்லிய ஆர்.ஜி.58 கேபிள் 15 மீட்டர் போட்டால் 145 மெகா ஹெர்ட்ஸில் பாதி சிக்னல் வழியிலேயே கரைந்துவிடும், 437-இல் இன்னும் மோசம். கேபிள் டிவிக்காரர்கள் இழுக்கும் ஆர்.ஜி.6 கேபிளில் இழப்பு அதைவிடக் குறைவு, விலையும் குறைவு, எந்தத் தெருவிலும் கிடைக்கும். அது 75 ஓம், ஸ்கேனர் 50 ஓம். கேட்க மட்டும் பயன்படுத்தும்போது அந்த வித்தியாசம் பொருட்டே இல்லை. நாளைக்கு அதே கேபிளில் பேச நினைத்தால் மாற்றுங்கள்.

மேலே கனெக்டரைச் சுற்றி சாதாரண இன்சுலேஷன் டேப் ஒட்டாதீர்கள். கத்திரி வெயிலில் பசை உருகி வழிந்து, ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே இறங்கும். இழுத்துச் சுற்றினால் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் வாங்குங்கள். கேபிள் சாக்கெட்டிலிருந்து நேராகக் கீழே வந்து, வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டு வளையட்டும். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், சுவருக்குள் வராது.

பி.வி.சி. பைப்பைக் கைப்பிடிச்சுவரில் இரண்டு இடத்தில் கிளாம்ப் போட்டுக் கட்டுங்கள். பைப் எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் வேண்டும். இதில் சமரசமே கிடையாது. இடி இடிக்கும் மாலைகளில் கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி, ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். செட்டை அணைத்தால் மட்டும் போதாது.

9. பட்டியலைக் காகிதத்தில் போடுங்கள்

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் நோட்டில் எழுதுங்கள். என் ஆலோசனை மூன்றே பேங்க்.

முதல் பேங்க் ஊர்ப் பேச்சு. 145.500, அதோடு உள்ளூர் ஹாம்களிடம் கேட்டு வாங்கிய ரிபீட்டர் ஃப்ரீக்வென்சிகள். ஒருவர் பேசுவதைக் கேட்டு, அதையே மறுபடி தூரமாக அனுப்பும் செட்தான் ரிபீட்டர். ரிபீட்டருக்கு இரண்டு எண் சொல்வார்கள்: அது கேட்கும் எண், அது பேசும் எண். நம் ஊரில் பொதுவாக இரண்டுக்கும் 600 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளி. ஸ்கேனரில் அது பேசும் எண்ணை மட்டும் போடுங்கள். மற்றதைப் போட்டால் பக்கத்துத் தெருக்காரர் பேசுவது மட்டும் கேட்கும், பதில் கேட்காது.

இரண்டாவது பேங்க் விண்வெளி நிலையத்தின் 145.800, 145.825. முதலாவதில் விண்வெளி வீரர்கள் பள்ளிக் குழந்தைகளோடு பேசுவதும், அவ்வப்போது அனுப்பும் படங்களும் வரும். இரண்டாவதில் டிஜிட்டல் செய்திகள், காதுக்கு "பிர்ர்" என்று வெட்டு வெட்டாகக் கேட்கும்.

மூன்றாவது பேங்க் நிலையத்தின் ரிபீட்டருக்கு. 437.810, 437.805, 437.800, 437.795, 437.790, இதே வரிசையில். ஏன் ஐந்து என்பது 11-ஆம் பகுதியில்.

மீதி ஏழு பேங்கும் காலியாக இருக்கட்டும், அணைத்தும் வையுங்கள். சேனல் குறைவாக இருந்தால்தான் ஸ்கேனர் ஒவ்வொன்றுக்கும் சீக்கிரம் திரும்பி வரும். இரண்டு நொடிப் பேச்சு ஒன்று, நீங்கள் 400 வெற்றுச் சேனலைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது முடிந்துபோகும்.

10. கம்ப்யூட்டரில் ஏற்றுவது

இங்கே வரிசை தப்பினால் திரும்பப் பெற முடியாது. நிதானமாகச் செய்யுங்கள்.

முதலில் மென்பொருளையும் டிரைவரையும் நிறுவுங்கள், அதன் பிறகு கேபிளைச் சொருகுங்கள். கேபிளை முதலில் சொருகினால் விண்டோஸ் தானாக ஒரு பொருந்தாத டிரைவரைப் போட்டுவிடக்கூடும். சொருகியதும் டிவைஸ் மேனேஜரில் புதிதாக ஒரு காம் போர்ட் எண் தோன்றுகிறதா பாருங்கள். கழற்றினால் அது மறைய வேண்டும். அந்த எண்ணைத்தான் மென்பொருளில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எண்ணே தோன்றவில்லை என்றால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். மொபைல் சார்ஜரோடு வரும் சில கேபிள்களில் சார்ஜுக்கான கம்பி மட்டும் இருக்கும், தகவல் போகும் கம்பி இருக்காது. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. ஹாம் கைச்செட்டுகளுக்கு விற்கும் மலிவான ப்ரோகிராமிங் கேபிள்களில் போலிச் சிப் இருந்தால், புதிய டிரைவர் அதை ஏற்க மறுக்கும்.

இணைந்ததும் முதல் வேலை செட்டில் இருப்பதைப் படித்து எடுப்பது. எழுதுவது அல்ல. படித்ததை மாடல் பெயர், தேதியோடு ஒரு கோப்பாகச் சேமித்து, அதைத் தொடாமல் தனியாக வையுங்கள். கடையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்ப உங்களிடம் இருக்கும் நம்பகமான சாவி அதுதான். ஹாம் கைச்செட்டுக்கு சிர்ப் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினாலும் இதே விதி. நண்பர் கொடுத்த கோப்பை நேராக ஏற்றாதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் ஃபர்ம்வேர் (செட்டை இயக்கும் மென்பொருள்) வேறாக இருக்கும். உங்கள் செட்டிலிருந்து படித்த கோப்பைத் திறந்து, அதில் சேனல்களை மட்டும் மாற்றி, அதையே திருப்பி எழுதுங்கள்.

சேனல்களை இடும்போது மோட் தெளிவாக எஃப்.எம்., டோன் இல்லை, டிலே (பேச்சு நின்ற பிறகு காத்திருக்கும் நேரம்) 2 நொடி. டோன் பற்றி ஒரு வார்த்தை. நிலையத்தின் ரிபீட்டரில் பேச 67 ஹெர்ட்ஸ் டோன் வேண்டும் என்று படித்துவிட்டு, ஸ்கேனரிலும் 67 என்று போடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்த டோன் மேலே அனுப்புகிறவருக்கு. கேட்கும் செட்டில் போட்டால், அந்த டோன் வராதவரை கதவைத் திறக்காதே என்று நீங்களே உத்தரவு போட்டதாகிவிடும். சிக்னல் மீட்டர் ஏறும், ஸ்பீக்கர் மௌனமாக இருக்கும்.

எழுதி முடித்ததும் கேபிளைக் கழற்றி, செட்டை அணைத்துப் போட்டு, காகிதப் பட்டியலோடு ஒவ்வொரு சேனலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசியாக, அமெரிக்காவுக்கென்று ஏற்றி அனுப்பியவற்றை அணையுங்கள். 162.400 முதல் 162.550 வரை உள்ள வானிலைச் சேனல்கள் அந்த நாட்டுச் சேவை, இங்கே கிடையாது. சர்வீஸ் தேடலில் போலீஸ், தீயணைப்பு என்று இருப்பவற்றையும், அருகில் எந்த சிக்னல் வந்தாலும் தாவிப் பிடிக்கும் குளோஸ் கால் வசதியையும் அணையுங்கள். நமக்கானதல்லாததை அது எடுத்துக்கொண்டு வரும். ஹாம் பேண்ட் தேடலின் எல்லையும் 144 முதல் 148 என்று இருக்கும். இந்தியாவில் ஹாமுக்கு 146 வரைதான். 146-க்கு மேல் மற்ற சேவைகள், எல்லையைச் சுருக்குங்கள்.

11. விண்வெளி நிலையத்தைக் கேட்பது

நிலையம் தரையிலிருந்து 400 கிலோமீட்டருக்குச் சற்று மேலே, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. நம் தலைக்கு மேல் வரும் சுற்றில் அதிகபட்சம் 10 நிமிடம்தான் கேட்கும். அதற்குள் பொத்தான் தேடக் கூடாது.

ஆப்பில் இடத்தை வேலூர் என்று கொடுங்கள். கிரிட் (ஹாம்கள் இடத்தைக் குறிக்கும் குறியீடு) கேட்டால் எம்.கே.92. நேரம் இந்திய நேரமா, சர்வதேச நேரமா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். சர்வதேச நேரத்தில் 13:40 என்றால் இங்கே இரவு 7:10. மதியம் 1:40-க்கு வெயிலில் மாடியில் நின்றுவிட்டு, நிலையம் வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டவர்கள் ஒருவர் இருவர் அல்ல. தொடக்கத்தில் உச்ச உயரம் 40 டிகிரிக்கு மேல் உள்ள சுற்றுகளை மட்டும் தேர்ந்தெடுங்கள், மலை மறைக்காது.

நிலையம் நம்மை நோக்கி வரும்போது ஃப்ரீக்வென்சி ஏறியும், விலகும்போது இறங்கியும் கேட்கும். ரயில் ஹார்ன் அடித்துக்கொண்டே காட்பாடி பிளாட்பாரத்தைக் கடக்கும்போது சுருதி இறங்குகிறதே, அதே டாப்ளர் விளைவு. 145.800-இல் இது மூன்றரை கிலோ ஹெர்ட்ஸ் அளவுதான், செட் தாங்கிக்கொள்ளும். 437.800-இல் 10 கிலோ ஹெர்ட்ஸ் வரை. அதற்காகத்தான் ஐந்து சேனல். 437.810-இல் தொடங்குங்கள். குரல் கிழியத் தொடங்கியதும் அடுத்த சேனலுக்கு இறங்குங்கள். உச்சியை நெருங்கும்போது 805, 800, 795 மூன்றும் வேகமாகக் கடந்துபோகும்; கடைசியில் 790. இதை ஸ்கேனில் விடாதீர்கள், மூன்றாவது பேங்கை மட்டும் திறந்து, ஹோல்டில் (ஒரே சேனலில் நிறுத்தி) போட்டு, கையால் இறக்குங்கள்.

கையில் பிடித்துக் கேட்கிறீர்கள் என்றால் ஆன்டெனாவின் நுனியை நிலையத்தை நோக்கி நீட்டாதீர்கள். எல்லோரும் முதலில் அப்படித்தான் செய்கிறார்கள். கம்பியின் நுனிப் பக்கத்தில்தான் அதற்குக் காது மந்தம். கம்பியின் பக்கவாட்டு நிலையத்தைப் பார்க்கட்டும். மணிக்கட்டை மெல்லத் திருப்பிக்கொண்டே இருங்கள், சிக்னல் தானே சொல்லிக்கொடுக்கும்.

145.800-இல் பாட்டுப் போல ஏறி இறங்கும் விசில் சத்தம் கேட்டால் அது படம். தொலைபேசியில் ரோபாட் 36 போன்ற ஆப்பைத் திறந்து ஸ்பீக்கர் பக்கத்தில் பிடியுங்கள். பெரும்பாலும் பி.டி.120 முறையில் வரும். ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம். வரி வரியாக இறங்கும்போது பேசாதீர்கள், உங்கள் குரலும் படத்தில் கோடாக விழும்.

நிலையத்துக்கு வேறு விண்கலம் வந்து இணையும் நாட்களிலும், வீரர்கள் வெளியே நடக்கும் நாட்களிலும் ரேடியோவை அணைத்துவிடுவார்கள். ஒரு நாள் மௌனத்தை வைத்துச் செட்டைச் சந்தேகிக்க வேண்டாம்.

12. ஸ்கேனை ஓடவிடுவது

முதல் பேங்கை மட்டும் திறந்து ஸ்கேனைத் தொடங்குங்கள். பேச்சே இல்லாமல் ஒரே சேனலில் நின்றுகொண்டிருந்தால் அதை லாக்-அவுட் (ஸ்கேனில் தாண்டிப் போகும்படி) செய்யுங்கள், அழிக்க வேண்டாம். செட்டின் உள்ளேயே பிறக்கும் சிக்னல்களும் சில உண்டு. ஆன்டெனாவைக் கழற்றிய பின்னும் அதே இடத்தில் நின்றால் அது அந்த வகை.

எஃப்.எம். வானொலிக் கோபுரம் பக்கத்தில் இருந்தால் சினிமாப் பாட்டு சம்பந்தமில்லாத சேனலில் வரும். சிக்னலின் பலத்தைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் பொத்தானைப் போட்டுப் பாருங்கள். பாட்டு மறைந்து, வேண்டிய சிக்னல் தங்கினால் காரணம் அதுதான். உள்ளூர்ச் சேனலுக்கு மட்டும் அதைப் போட்டு வையுங்கள், விண்வெளி நிலையத்துக்குப் போடாதீர்கள்.

13. ஒன்றும் கேட்கவில்லை என்றால்

மென்பொருளைத் திறக்காதீர்கள். முதலில் ஸ்குவெல்ச்சைத் திறந்து இரைச்சல் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் வால்யூம், இயர்போன், டோன், இந்த மூன்றில் ஒன்று. இரைச்சல் வந்தால், மாடிக் கேபிளைக் கழற்றி ரப்பர் ஆன்டெனாவை மாட்டிக் கேளுங்கள். அதில் கேட்டு மாடி ஆன்டெனாவில் கேட்காவிட்டால் கனெக்டருக்குள் கம்பி முறிந்திருக்கும், அல்லது தண்ணீர் இறங்கியிருக்கும். பின்னல் கம்பியின் ஒரு மயிரிழை நடுக் கம்பியைத் தொட்டாலும் போதும், முழுச் சிக்னலும் செத்துவிடும்.

இரண்டிலும் கேட்காவிட்டால் செட்டை எடுத்துக்கொண்டு பாலாற்று மணலுக்குப் போங்கள். காட்பாடிப் பாலத்துக்குப் பக்கத்தில் நின்றால் வானம் விரிந்து கிடக்கும், மலையும் தள்ளி நிற்கும். அதே நண்பரை அதே 145.500-இல் கூப்பிடச் சொல்லுங்கள். அங்கே கேட்டு வீட்டில் கேட்காவிட்டால் ஸ்கேனரை மேலும் நோண்ட வேண்டாம். திரும்பி வந்து, ஆன்டெனாவின் அடியில் இன்னொரு பைப் துண்டைச் சேர்த்து உயர்த்துங்கள்.